கிராபியில் ஒரு வாத்துச் சவாரி

மன்னிச்சுக்குங்க தம்பி, அடுத்தவங்க போனை எட்டிப் பாக்கற பழக்கம் எனக்கில்லை. ஆனா நீங்க அதை இவ்வளவு வெளிச்சமா வச்சுக்கிட்டு, படத்தை விரல்ல பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தீங்கன்னா பக்கத்துச் சீட்டுக்காரன் கண்ணை எங்கீங்க கொண்டுபோய் வைப்பான்? அது கிராபிதானுங்களே? தாய்லாந்து. கடலுக்குள்ள நட்டு வச்சாப்பல ஒரு பாறை நிக்குதே, அதை வச்சே சொல்லிருவேன். போன அரையாண்டு லீவுல குடும்பத்தோட அங்க நாலு நாள் இருந்துட்டு வந்தவன் நான்.

குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போறீங்களா? எத்தனை? ரெண்டா? எனக்கும் ரெண்டுதான். அப்ப நான் சொல்றதைக் கேட்டுக்குங்க. பஸ்ஸு திருச்சி போய்ச் சேர நேரம் கெடக்குது.

எம் பேரு பூபதி. நாமக்கல்ல பெயிண்ட் கடை. வருசா வருசம் கம்பெனிக்காரன் ஒரு டார்கெட் வைப்பான். இத்தனை லிட்டர் ஓட்டினா வெளிநாடு. டீலருங்க நாங்க ஆம்பளைங்க மட்டும் போயிட்டு வருவோம். பாங்காக், பட்டாயா. அங்க என்ன பாத்தீங்கன்னு கேக்காதீங்க. கோயில் பாத்தோம். புத்தர் படுத்திருப்பாரு, அவரைப் பாத்தோம். அப்புறம் நாங்களும் வந்து படுத்துக்கிட்டோம்.

போன வருசம் எந்தப் புண்ணியவானுக்குத் தோணுச்சோ, 'இந்தத் தடவை ஃபேமிலி டூர், கடற்கரை ரிசார்ட்'னு அறிவிச்சுட்டான். எங்க வாட்ஸப் குரூப்புல ஒருநாள் பூரா ஒருத்தனும் வாயைத் திறக்கலைங்க. எழவு விழுந்த வீடாட்டம் கெடந்துச்சு. அதுக்குள்ள எவனோ ஒருத்தன் பொண்டாட்டி அவன் போனைப் பாத்து, அது ஊர் ஊராப் பரவி, அத்தனை வீட்டுலயும் பெட்டி வாங்க ஆரம்பிச்சுட்டாங்க.

எங்க வீட்டுல பேரு கோகிலவாணி. பரமத்தி வேலூர்ப் பக்கம், வாய்க்கா ஓரத்துல ஊரு. விசயத்தைச் சொன்னதும் அவ கேட்டது ஒரே கேள்வி. "ஏனுங்க, இறங்கறாப்பல கடலுங்களா?"

"கடல்னா பாக்கறதுக்கு. இறங்கறதுக்கு அதென்ன பஸ்ஸா?"ன்னேன்.

அவ ஒண்ணும் சொல்லலை. அவ எப்பவுமே ஒண்ணும் சொல்ல மாட்டா. அதைத்தான் உங்ககிட்ட சொல்ல வர்றேன். பதினொரு வருசம் ஒரு பொம்பளை ஒரு விசயத்தைப் புருசன்கிட்ட மறைச்சு வச்சிருந்தா அது சரிங்களா? நீங்களே சொல்லுங்க. இல்லை, முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

பெரியவ கனிஷ்கா, ஒம்போது வயசு. சின்னவன் விதுன், நாலு. இந்தக் கனிஷ்கா பத்தி ஒரு விசயம் முன்னாடியே சொல்லிடணும். அதுக்கு முன்னாடி என்னைப் பத்தி ஒண்ணு. எனக்கு நீச்சல் தெரியும்ங்க. அதாவது, தெரியாதுன்னு சொல்ல முடியாது. கையை எப்படிப் போடணும், காலை எப்படி அடிக்கணும், மூச்சை எங்க விடணும், எல்லாம் தெரியும். தண்ணிக்குள்ள செஞ்சு பாத்ததில்லை, அவ்வளவுதான். சைவ சமையல்காரன் கறிக்குழம்புக்குப் பக்குவம் சொல்ற மாதிரின்னு வச்சுக்குங்களேன்.

கனிஷ்கா சின்னதுல சோறு உண்ணாதுங்க. அப்ப ஒரு கதை விட்டேன். அப்பா காலேஜ் படிக்கறப்ப மோகனூர்ல காவேரியை இக்கரையில இருந்து அக்கரைக்கு நீந்திப் போனேன்னு. ஒரு வாய்க்குக் கால்வாசி ஆறு. நாலு வாயில அக்கரை. அடுத்த வருசம் ஆத்துல வெள்ளம் வந்துச்சு. அதுக்கடுத்த வருசம் ஒரு முதலை வந்துச்சு. யூகேஜி சேர்த்தப்ப முதலை ரெண்டாயிருச்சு. கோகிலா பக்கத்துல உக்காந்து சோத்தைப் பிசைஞ்சுகிட்டே கேட்டுக்கிட்டிருப்பா. ஒரே ஒரு தடவை மட்டும், "உப்புப் பத்தலைன்னு முதலை விட்டுருச்சாட்ட இருக்குது"ன்னா.

புள்ளை அதை அப்படியே நம்பிருச்சு. நம்பறதுன்னா சும்மா நம்பறதில்லைங்க. ஸ்கூல்ல 'எனக்குப் பிடித்த வீரர்'னு எழுதச் சொன்னா என்னை எழுதி வைக்கும். மிஸ்ஸு என்னைப் பாத்தா எந்திரிச்சு நிப்பாங்க.

சரி, கிராபிக்கு வர்றேன். விமானத்துல சின்னவன் பண்ணின கூத்தை விடுங்க. சன்னலைத் திறந்து விடச் சொல்லிப் பாங்காக் வரைக்கும் அழுதான். திறக்க முடிஞ்சிருந்தா நானே குதிச்சிருப்பேன். எங்களைக் கூட்டிட்டுப் போன கம்பெனி ஆள் ஜெரால்டுன்னு ஒரு தம்பி, நாகர்கோயில்காரர். கழுத்துல எந்நேரமும் ஒரு விசில். சாப்பிடறதுக்கு விசில், பஸ் ஏறறதுக்கு விசில். ரெண்டாம் நாள் எங்க டீலருங்க விசில் கேட்டாத்தான் பாத்ரூமே போனாங்க.

ராசிபுரம் டீலர் குணசீலன்னு ஒருத்தர் இருக்காரு. எனக்கும் அவருக்கும் எட்டு வருசமா ஆகாது. நேர்ல பாத்தா ரெண்டு பேரும் "வாங்க பங்காளி"ம்போம். அவரு வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு முட்டிக்கால் டவுசரோட முதல் ஆளாக் கடல்ல இறங்கிட்டாரு. அவர் சம்சாரமும் பின்னாடியே இறங்கிட்டாங்க. நான் பேண்ட், சட்டை, பெல்ட்டோட கரையில நின்னேன். யாராச்சும் பையைப் பாத்துக்கணுமில்லீங்களா? சுத்தியும் வெள்ளைக்காரங்க இருந்த கோலத்துக்கு எங்க பாக்கறதுன்னே தெரியலை. சின்னவனோட மண்ணு வாளியையே பாத்துக்கிட்டிருந்தேன். பெரும்பாலும்.

கோகிலா பக்கத்துல வந்து நின்னா. தண்ணியையே பாத்துக்கிட்டு, "ஏனுங்க, ஒருக்கா இறங்கிட்டு வரட்டுங்களா?"ன்னா.

"டீலருங்க அத்தனை பேரும் இருக்காங்க. ஈரத்துணியோட நிப்பியா?"

"குணசீலண்ணன் வீட்டு அக்கா இறங்கியிருக்காங்களே."

"அது ராசிபுரம்"னேன்.

அவ பை பக்கத்துல உக்காந்துக்கிட்டா. அலை வந்து அவ கால் கட்டை விரலைத் தொட்டுட்டுத் தொட்டுட்டுப் போச்சு. காலை மட்டும் உள்ள இழுத்துக்கவே இல்லை.

இந்தக் கனிஷ்கா அதுக்குள்ள குணசீலன் புள்ளைங்க, சேலத்து டீலர் புள்ளைங்க எல்லாத்தையும் கூட்டி வச்சு, "எங்கப்பா காவேரியையே தாண்டினவரு, ரெண்டு முதலையை உதைச்சுட்டு வந்தவரு"ன்னு கதை சொல்லிருச்சு. சாயங்காலம் ஜெரால்டு விசிலை ஊதி, "நாளைக்குக் காலையில அப்பாக்கள் போட்டி. கயிறு கட்டின எல்லைக்குள்ளதான். முப்பது மீட்டர் நீந்திப் போய் மிதவையில இருக்கற கொடியை எடுத்துட்டு வரணும். யார் யாரு பேர் தர்றீங்க?"ன்னாரு. எம் பொண்ணு ஓடிப்போய் முதல் பேரா என் பேரைக் கொடுத்துருச்சு.

காலையில டிபன் சாப்பிடற எடத்துல உக்காந்து யோசிச்சேன். வயித்து வலின்னு சொல்லலாம். ஆனா அங்க பஃபே. வயித்து வலின்னு சொல்லிட்டு எதையும் தொட முடியாது. அதனால காது வலின்னு முடிவு பண்ணினேன். ரூமுக்குப் போய்ப் பஞ்சு வச்சுக்கிட்டு வந்து, "கண்ணு, அப்பாவுக்கு இடது காதுல வலி. தண்ணி பட்டா செவுடாயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு"ன்னேன்.

கனிஷ்கா என் மூஞ்சியவே கொஞ்ச நேரம் பாத்துச்சு. "வலது காதுல பஞ்சு வச்சிருக்கீங்கப்பா."

"ரெண்டும்தான் கண்ணு."

"சரிப்பா"ன்னு சொல்லிட்டு, அதுவே ஜெரால்டுகிட்டப் போய் என் பேரை அடிக்கச் சொல்லிருச்சு. என் மேல அவ்வளவு அக்கறைங்க புள்ளைக்கு. குணசீலன் பெருசாச் சிரிச்சாரு. போட்டியில அவருதான் ஜெயிச்சாரு. மூணு பேருதான் நீந்தினாங்க, அதுல ஒருத்தர் பாதியில நடந்தாரு. பரிசு ஒரு எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர். கிராபியில இருந்து ராசிபுரத்துக்கு அதை மடியிலயே வச்சுத் தூக்கிட்டு வந்தாருங்க அந்த மனுசன்.

எனக்கு மனசு ஆறலை. புள்ளைக்கு முன்னாடி ஏதாச்சும் ஒண்ணு செய்யணுமில்லீங்களா? கரையோரக் கடையில ஒரு மஞ்சள் வாத்து தொங்கிக்கிட்டிருந்துச்சு. காத்தடிச்சு விடறது. ஆளுயரம். ரெண்டு பேர் உக்காரலாம். கழுத்துல ஒரு கயிறு. வாங்கிட்டேன். சின்னவனைக் கூட்டிக்கிட்டு அதுல உக்காந்து ஒரு போட்டோ. தொடையளவு தண்ணி. ஒரே ஒரு போட்டோ. அவ்வளவுதான் திட்டம்.

பேண்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு இறங்கி, விதுனை முன்னாடி வச்சு, பின்னாடி நான் ஏறினேன். போன் கனிஷ்கா கையில. "வாத்துத் தலை கட்டாகுதுப்பா, இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க"ன்னுச்சு. போனேன். "சிரிங்கப்பா." சிரிச்சேன். வெயிலு கண்ணைக் கூசுச்சு, கண்ணை மூடிக்கிட்டே சிரிச்சேன். எவ்வளவு நேரம் சிரிச்சிருப்பேன்? ஒரு மூணு நிமிசம்? கரையில இருந்து கடலுக்குள்ள காத்தடிக்கற நேரம்ங்க அது. எனக்கு அதெல்லாம் எங்க தெரியும், பெயிண்ட் கடைக்காரனுக்கு? கண்ணைத் திறந்து பாக்கறேன், கனிஷ்கா தீக்குச்சியளவு நிக்குது.

மெதுவா ஒரு காலை விட்டுப் பாத்தேன். தரை இல்லைங்க.

கத்தணும். என்னன்னு கத்தறது? அந்த நேரத்துல 'காப்பாத்துங்க'ங்கற சொல்லே வாயில வரலை. "ஹலோ! ஹலோ!"ன்னுதான் வருது. போன்ல சிக்னல் கிடைக்காதவனாட்டம் நடுக்கடல்ல உக்காந்து "ஹலோ ஹலோ"ன்னு கத்தறேன், ரெண்டு கையையும் ஆட்டறேன். கரையில இருந்த அத்தனை டீலரும் திருப்பிக் கையை ஆட்டறாங்க. குணசீலன் என்னை வீடியோ எடுத்துக்கிட்டே ஆட்டறாரு. விதுன் ஒருத்தன்தான் சந்தோசமா இருந்தான். "அப்பா, இன்னும் தூரம் போலாம்ப்பா"ங்கறான்.

ஏன் யாரும் வரலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. ஜெரால்டு சந்தேகப்பட்டு, "சாருக்கு ஏதாச்சும் பிரச்சினையா?"ன்னு கேட்டிருக்காரு. குணசீலன், "காது வலின்னு ஏமாத்திட்டுத் தனியா வித்தை காட்டறாரு"ன்னிருக்காரு. கனிஷ்காகிட்ட கேட்டதுக்கு, "எங்கப்பாவுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்லை அங்கிள், நீந்தி வந்துருவாரு"ன்னுச்சாம். என் மேல அவ்வளவு நம்பிக்கை வச்சு எல்லாரும் சேர்ந்து என்னைச் சாக விட்டிருப்பாங்க.

எந்திரிச்சது கோகிலா ஒருத்திதான். பை பக்கத்துல உக்காந்திருந்தவ எந்திரிச்சு, துப்பட்டாவை உருவிப் பை மேல போட்டுட்டு, செருப்பைக் கழட்டி ஜோடியா வச்சாளாம். ஜெரால்டு சொன்னாரு. புருசனும் புள்ளையும் போயிட்டிருக்காங்க, அவளுக்குச் செருப்பு ஜோடியா இருக்கணும். அப்புறம் ஓடி வந்து தண்ணியில விழுந்தா பாருங்க.

எனக்கு அங்கிருந்து ஒரு தலை மட்டும்தான் தெரிஞ்சுச்சு. தெரியுது, மறையுது, மறுபடி தெரியுது. யாரோ வெள்ளைக்காரி வர்றாங்கன்னு நினைச்சேன். இங்கிலீசுல என்ன சொல்லலாம்னு மனசுக்குள்ள கூட்டிக்கிட்டிருந்தேன். பக்கத்துல வந்து தலையை உதறிட்டு, "ஏனுங்க, அசையாம உக்காருங்க. நான் கயித்தைப் பிடிச்சு இழுத்துக்கறேன்"னா.

கோகிலாங்க! சுடிதாரோட!

நான் ஆம்பளை இல்லீங்களா? பொம்பளை இழுத்து நான் வாத்து மேல உக்காந்து வந்தா கரையில குணசீலன் வீடியோவுல அது எப்படி இருக்கும்? நாமளும் இறங்கி ஒரு கை தள்ளலாம்னு காலைத் தொங்கப் போட்டேன். வாத்து ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு. விதுன் வாத்துக் கழுத்தைக் கட்டிக்கிட்டான். நான் உள்ள போயிட்டேன்.

தம்பி, இந்த இடத்துல நான் விளையாட்டாப் பேசலை. உள்ள ஒண்ணுமே இல்லைங்க. மேலே எது, கீழே எதுன்னு தெரியலை. பச்சையா ஒரு வெளிச்சம். வாயெல்லாம் உப்பு. மேலே வந்தப்ப கையில கிடைச்சதைப் பிடிச்சேன். அது கோகிலாவோட தலைமயிரு. விடாமப் பிடிச்சுக்கிட்டேன். அவளும் என்கூட உள்ள போனா. அப்ப ஒரு அலை வந்து என் கன்னத்துல பளார்னு அடிச்சுச்சு. அலைக்கு அஞ்சு விரல் இருக்குமான்னு கேக்காதீங்க. அந்த ஊர் அலைக்கு இருந்துச்சு. பிடியை விட்டுட்டேன்.

அந்தக் களேபரத்துல கயிறு அவ கையை விட்டுப் போயிருச்சு. வாத்து எங்களை விட்டுத் தள்ளிப் போகுது. விதுன் அது மேல உக்காந்து திரும்பிப் பாக்கறான். இப்பத்தான் அவனுக்குப் பயம் வந்துச்சு. "அம்மா"ன்னான். கத்தலைங்க, சாதாரணமாத்தான் கூப்பிட்டான். வீட்டுல சமையக்கட்டுல இருக்கறவளைக் கூப்பிடற மாதிரி.

கோகிலா என்னைப் பாத்தா. வாத்தைப் பாத்தா. மறுபடி என்னைப் பாத்தா. என் முதுகுல கையைக் குடுத்து அப்படியே மல்லாத்தி விட்டு, "வானத்தைப் பாருங்க. மூச்சை இழுத்து வச்சுக்குங்க. காலை ஆட்டாதீங்க. பத்து எண்ணுங்க, வந்தர்றேன்"னா. சொல்லிட்டுக் கையை எடுத்துட்டுப் போயிட்டா.

என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க.

எண்ணினேன். வானத்துல ஒரு மேகம்கூட இல்லை. ஒண்ணு, ரெண்டு. காது தண்ணிக்குள்ள இருக்குது, ஒரு சத்தமும் கேக்கலை. அவ அவன்கிட்டப் போய்ச் சேந்தாளா இல்லையான்னு தலையைத் தூக்கிப் பாக்கவும் பயம், தூக்கினா முழுகிருவேன். ஏழு, எட்டு. அவனைப் பிடிச்சிருந்தா போதும்னு நினைச்சுக்கிட்டேன். அது மட்டும் நிசம்ங்க. அவனைப் பிடிச்சுக்கிட்டு அவ அப்படியே கரைக்குப் போயிரட்டும்னு நினைச்சேன். பத்து வந்துருச்சு. அவ வரலை. பதினொண்ணு எண்ணினேன். எண்ணறதை நிறுத்தினா வர மாட்டாளோன்னு நிறுத்தாம எண்ணினேன். பதினேழுல அந்த மஞ்சள் மூஞ்சி என் தலை மேல வந்து நின்னுச்சு. வாத்து. அதுக்கு மேல விதுன் மூஞ்சி. பக்கத்துல கோகிலா, மூச்சு வாங்கிக்கிட்டு. "வாலைப் பிடிச்சுக்குங்க"ன்னா. பிடிச்சுக்கிட்டேன்.

பாதி தூரம் அவதான் இழுத்தா. அப்புறம் ரிசார்ட்டு ஆளு ஒருத்தர் மோட்டார் படகுல வந்து எங்களைத் தூக்கிப் போட்டுக்கிட்டாரு. குணசீலனும் மார்பளவு தண்ணிக்கு வந்துட்டாருங்க. வீடியோவை நிறுத்திட்டு ஓடி வந்தாராம். கை குடுத்து இறக்கிவிட்டவரு கரை வரைக்கும் என் கையை விடலை. அதைச் சொல்லாம விடக்கூடாது. மனுசன்தான். ஆனாலும் ஆகாது.

கரையில கனிஷ்கா போனை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அழுகலை. ஓடி வந்து தம்பியைக் கட்டிக்கலை. என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. நான் இருமி, வயித்துல இருந்த கடலைக் கொஞ்சம் வெளிய விட்டுட்டு, "காது வலி மட்டும் இல்லைன்னா கண்ணு"ன்னேன்.

"ஆமாப்பா"ன்னுச்சு. அப்புறம் என் காதுல இருந்து ஊறிப் போய்த் தொங்கின பஞ்சை எடுத்துப் போட்டுச்சு.

இதுல ஒரு வருத்தம் என்னன்னா, அது அத்தனையையும் என் போன்ல வீடியோவா எடுத்துக்கிட்டேதான் நின்னிருந்துச்சு. மத்தியானம் பாக்கலாம்னு தேடினா காணோம். சிரிச்ச போட்டோ மட்டும் இருக்குது. கேட்டா, "தெரியாம அழிஞ்சு போச்சுப்பா"ன்னுச்சு. புள்ளைங்க கையில போனைக் குடுத்தா இப்படித்தாங்க. அப்புறம் குணசீலன் போன்லயும் காணோமாம். "உம் பொண்ணு வந்து கேட்டுச்சு பங்காளி, நானே அழிச்சுட்டேன்"னாரு. அவருக்கு என்ன காரணமோ.

ரூமுக்கு வந்ததும் கோகிலாவைப் பிடிச்சுக்கிட்டேன். "உனக்கு நீச்சல் தெரியும்னு பதினொரு வருசமா ஏன் என்கிட்ட சொல்லலை?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொன்னேன். 'என்னென்ன தெரியும்'னு கேட்டீங்க. 'தையலு, சமையலு, நீச்சலு'ன்னேன். வாய்க்கால்ல அண்ணனுங்களைவிட நான்தான் வேகம்னேன்."

பொண்ணு பாக்கப் போன இடத்துல யாருங்க அதெல்லாம் காதுல வாங்குவாங்க? அங்க பஜ்ஜி இருந்துச்சு. கேசரி இருந்துச்சு.

"அதுக்கப்புறம் சொல்லியிருக்கலாமில்ல?"

"ஒகேனக்கல்ல சொன்னேன். பவானியில சொன்னேன். போன மாசம் கனிஷ்காவை நீச்சல்ல சேக்கணும்னு கேட்டப்பவும் சொன்னேன்"னா.

பாருங்க, எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கா. அப்புறம் நான் குரலைக் கொஞ்சம் இறக்கி, "என்னை விட்டுட்டுப் போனியே, நான் முழுகியிருந்தா?"ன்னேன்.

ஈரத்தலையைத் துவட்டிக்கிட்டிருந்தவ நிறுத்திட்டு, "வந்தேனில்லீங்க"ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் துண்டுக்குள்ள முகத்தை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. தோள் மட்டும் ஆடுச்சு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். என்ன செய்யறதுன்னு தெரியலை. ஏசியைக் குறைச்சு வச்சேன்.

மீதி ரெண்டு நாள் அவ கடல்லதாங்க இருந்தா. என்கிட்ட கேக்கலை. நானும் தடுக்கலை. குணசீலன் சம்சாரம், சேலத்துக்காரம்மா, புள்ளைங்க எல்லாம் அவளைச் சுத்தி. "அக்கா எனக்கு, அக்கா எனக்கு"ன்னு. ஒவ்வொருத்தரையா மல்லாத்தி மிதக்க விட்டுக்கிட்டிருந்தா. ஒரு பெரிய அலை வந்து எல்லாரையும் உருட்டி விட்டுச்சு, எந்திரிச்சு நின்னு சிரிச்சா பாருங்க. அந்தச் சிரிப்பை நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்லைங்க. பதினொரு வருசம் ஒரே வீட்டுல இருந்திருக்கோம். அதையும் மறைச்சு வச்சிருந்திருக்கா. நான் கரையில பையைப் பாத்துக்கிட்டேன்.

ஊருக்கு வந்து ரெண்டு வாரத்துல அவ அண்ணன் வீட்டுல காதுகுத்து. பந்தியில உக்காந்திருக்கோம். சொந்தக்காரங்க பூரா இருக்காங்க. யாரோ, "கடல்ல என்னமோ ஆயிப் போச்சாமே?"ன்னு கேட்டாங்க. கோகிலா பரிமாறிக்கிட்டு எதிர்ல நிக்கறா. அவ வாயைத் திறந்தா போச்சு. அவளுக்கு முன்னாடி கனிஷ்கா பேசிருச்சு. "தம்பி வாத்துல உக்காந்து தூரமாப் போயிட்டான். அப்பாதான் நீந்திப் போய் இழுத்துட்டு வந்தாரு. அவருக்குக் காது வலி வேற"ன்னுச்சு. தலையைக் குனிஞ்சு இலையைப் பாத்துக்கிட்டே சொல்லுது.

பந்தியே என்னைத் திரும்பிப் பாத்துச்சு. கோகிலா கரண்டியோட அப்படியே நின்னா. புள்ளையைப் பாத்தா. அப்புறம், "ஆமா, அவருதான்"ன்னு சொல்லிட்டு என் இலையில இன்னொரு கரண்டி ரசம் ஊத்திட்டுப் போயிட்டா.

குழந்தை பொய் சொல்லாதுங்க. அது பாத்துக்கிட்டுத்தான இருந்துச்சு? அது நின்ன இடத்துல இருந்து அப்படித்தான் தெரிஞ்சிருக்கும். தூரம்தானுங்களே. தண்ணி, வெயிலு. யாரு யாரை இழுக்கறாங்கன்னு எங்க தெரியும்? ஆனா ஒண்ணு, அன்னிக்குப் பாயசத்தை நான் தொடலை. எல்லாரும் வந்து கை குடுத்தாங்க. கையைக் கழுவிட்டு வண்டிகிட்டப் போய் நின்னுக்கிட்டேன்.

அங்க கனிஷ்கா வந்துச்சு. கொஞ்ச நேரம் வண்டிச் சாவியைத் திருகிக்கிட்டே நின்னுட்டு, "அப்பா, நான் நீச்சல் கிளாஸ் சேரட்டுமா? நீங்களும் வர்றீங்களா?"ன்னுச்சு.

"நான் எதுக்கு கண்ணு?"

"எனக்குத் தனியா இறங்கப் பயமா இருக்குப்பா. யாராச்சும் கேட்டா எனக்காகத்தான் நீங்க இறங்கறீங்கன்னு சொல்லிக்கலாம்."

பாவம்ங்க. அம்மா அப்படி நீந்தறா, இது பயந்த புள்ளையா இருக்குது. நான் இல்லைன்னு சொல்ல முடியுங்களா? ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்குக் குழந்தைங்க வகுப்பு. மூணரை அடித் தண்ணி. பதினெட்டுப் பசங்க, நடுவுல நான். எல்லாரும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வரிசையாக் காலை அடிக்கணும். மாஸ்டர் என்னை "சார், முட்டியை மடக்காதீங்க, சார்"னு கத்துவாரு. புள்ளைக்குத் தைரியம் வரட்டும்னு நானும் அடிப்பேன். அதுவோ ரெண்டாவது வாரமே அந்தக் கோடி வரைக்கும் மீனாட்டம் போயிட்டு வந்துருச்சு. ஆனாலும் பயம் போகலை போல. திரும்பத் திரும்ப என்கிட்டயே வந்து நின்னுக்கும்.

போன வாரம் என் வயித்துக்கடியில ரெண்டு கையையும் குடுத்து, "நான் பிடிச்சிருக்கேன்ப்பா, காலை மட்டும் அடிங்க"ன்னுச்சு. அடிச்சேன். "இன்னும்." அடிச்சேன். "மூச்சை விடுங்க." விட்டேன். புள்ளை கை பக்கத்துல இருக்குதுங்கற நினைப்புல தலையை உள்ள விட்டு அடிச்சுக்கிட்டே போயிட்டேன். நின்னு திரும்பிப் பாத்தா அது புறப்பட்ட இடத்துலயே நிக்குதுங்க, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு.

எவ்வளவு தூரம்ங்கறீங்க? நாம உக்காந்திருக்கற இந்தச் சீட்டுல இருந்து, அதோ, டிரைவர் முதுகு வரைக்கும்.